கட்டுப்பாட்டு அறைக்கு முன் ஒரு வினாத்தாள்

கீழ்பென்னாத்தூர் போன்ற ஊர்களிலிருந்து திருவண்ணாமலைக்குப் போய் குரூப் 4 தேர்வுக்கோ காவலர் தேர்வுக்கோ படிக்கும் இளைஞர்கள் எழுதும் தாள்கள் எல்லாம் ஆட்களை வரிசைப்படுத்தும் தாள்கள். இடங்கள் கொஞ்சம், எழுதுபவர்கள் பல லட்சம். ஒருவரை இன்னொருவரிடமிருந்து பிரித்துக் காட்டிவிட்டால் அந்தத் தாள் தன் வேலையைச் செய்துவிட்டது. தகுதித் தேர்வு அப்படிப்பட்டதல்ல. அங்கே யார் முந்தினார் என்ற பேச்சே இல்லை. இந்த வேலையை இவரிடம் ஒப்படைக்கலாமா, கூடாதா என்பது மட்டுமே கேள்வி. எல்லோரும் தேறலாம், ஒருவரும் தேறாமலும் போகலாம். இந்த வேறுபாட்டை நாம் எவ்வளவு எளிதாகத் தவறவிடுகிறோம் என்பதற்கு 2012 ஜூலையில் நடந்த ஆசிரியர் தகுதித் தேர்வே சாட்சி. 150 கேள்விகளுக்கு ஒன்றரை மணி நேரம், அதாவது ஒரு கேள்விக்கு 36 விநாடி. ஆறு லட்சத்துக்கும் மேற்பட்டோர் எழுதியதில் நூற்றுக்கு ஒருவர்கூடத் தேறவில்லை. அக்டோபரில் மூன்று மணி நேரம் கொடுத்து மறுதேர்வு நடத்தினார்கள். வகுப்பறைக்குத் தேவையான அறிவை அளக்க வந்த தாள் விரைவை அளந்துவிட்டது. பிறகு அந்தத் தகுதி மதிப்பெண்ணோடு பழைய பள்ளி, கல்லூரி மதிப்பெண்களையும் கூட்டி ‘வெயிட்டேஜ்’ போட்டு, தகுதித் தேர்வையே ரேங்க் பட்டியலாக மாற்றினோம். 2018இல்தான் அதைக் கைவிட்டு, பணி நியமனத்துக்குத் தனிப் போட்டித் தேர்வு என்று முடிவானது.

ஆசிரியர் தகுதித் தேர்வில் நேர்ந்த பிழையின் சுமையை இளைஞர்களும் பள்ளிகளும் தாங்கினார்கள். இதே பிழை அணுமின் நிலையத்தின் கட்டுப்பாட்டு அறைக்கு ஆள் எடுக்கும் தேர்வில் நேர்ந்தால் அதைத் தாங்கப்போவது சுற்றுவட்டார மக்கள் அனைவரும். கீழ்பென்னாத்தூரிலிருந்து கிழக்கே நேர்க்கோட்டில் நூறு கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான தொலைவில் கல்பாக்கம் இருக்கிறது. அங்கே சென்னை அணுமின் நிலையத்தின் முதல் உலை 1983 ஜூலையிலும் இரண்டாவது உலை 1985 ஆகஸ்டிலும் முதன்முறையாகத் தொடர்வினைக்கு வந்தன. தெற்கே கூடங்குளத்தில் ரஷ்ய வடிவமைப்பிலான 1,000 மெகாவாட் உலைகள் இரண்டு ஓடுகின்றன. இந்த உலைகளின் கட்டுப்பாட்டுப் பலகை முன் உட்காரும் கன்ட்ரோல் இன்ஜினீயரும், ஷிஃப்ட் முழுவதற்கும் பொறுப்பேற்கும் ஷிஃப்ட் சார்ஜ் இன்ஜினீயரும் வெறும் பட்டத்தையும் பணி ஆணையையும் வைத்துக்கொண்டு அந்த நாற்காலிக்குப் போய்விட முடியாது. 1983 நவம்பர் 15 அன்று தொடங்கப்பட்ட அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் உரிமம் வேண்டும். அந்த உரிமத்துக்குக் காலவரையறை உண்டு, புதுப்பிக்கவும் வேண்டும். எழுத்துத் தேர்வு, நிலையத்துக்குள் நடந்தபடியே கருவிகளைக் காட்டிக் கேட்கும் தேர்வு, சிமுலேட்டர் தேர்வு, நேர்முகம் என்று பல படிகளைக் கடந்தால்தான் அது கிடைக்கும். இவற்றுள் எழுத்துத் தேர்வு எதை அளக்க வேண்டும் என்பதையே இந்தக் கட்டுரை ஆராய்கிறது. அன்றாட வேலை ஒருபோதும் கற்றுத்தராததை ஒருவர் அறிந்திருக்கிறாரா என்று பார்ப்பதே அதன் முதல் கடமை என்பது என் வாதம். வினாக்கள் எங்கிருந்து வர வேண்டும், தவறான விடைகளை எப்படி எழுத வேண்டும், தேர்ச்சிக் கோட்டை எங்கே போட வேண்டும் என்பவை அதிலிருந்து தாமாகவே விளையும்.

அணு உலை இயக்குநரின் வேலையில் பெரும்பகுதி மாற்றமில்லாதது. திறன் அளவு நிலையாக இருக்கும், அளவீடுகள் குறித்த எல்லைக்குள் அசையும், எரிபொருள் மாற்றும் வேலை அட்டவணைப்படி நடக்கும். பத்தாண்டு அனுபவம் உள்ளவர் இந்த வழக்கமான வேலையில் கைதேர்ந்திருப்பார். ஆனால் அவர் அங்கே இருப்பதற்கான மெய்யான காரணம், பணிக்காலம் முழுவதும் ஒருமுறைகூட வராமல் போகக்கூடிய அரை மணி நேரம். 2011 மார்ச் 11 அன்று ஜப்பானின் ஃபுகுஷிமா தாய்ச்சி நிலையத்தில் முதல் உலையைக் குளிர்விக்க ‘ஐசொலேஷன் கண்டென்சர்’ என்ற, பம்பு இல்லாமலே இயங்கும் சாதனம் இருந்தது. மின்சாரம் போனதும் அதன் வால்வுகள் எந்த நிலையில் நிற்கும், அது நன்றாக இயங்கினால் வெளியே எவ்வளவு நீராவி தெரியும் என்பதில் குழப்பம் நேர்ந்தது. ஷிஃப்டில் இருந்த யாரும் அதை உண்மையில் இயக்கிப் பார்த்தவர்கள் அல்லர் என்று பின்னர் நடந்த விசாரணைகள் கண்டறிந்தன. கை பழகாத இடத்தில் அறிவு மட்டுமே துணை. அந்த அறிவு இருக்கிறதா என்று முன்கூட்டியே கேட்டுப் பார்க்கப் பரந்த வாய்ப்புள்ள இடம் எழுத்துத் தாள்தான்.

எந்தக் கேள்வியைக் கேட்டிருக்க வேண்டும் என்பதை வரலாற்றிலேயே மிகத் தெளிவாகக் காட்டும் நிகழ்ச்சி அமெரிக்காவில் நடந்தது. 1979 மார்ச் 28 விடியற்காலை நான்கு மணிக்கு பென்சில்வேனியாவின் த்ரீ மைல் ஐலண்ட் நிலையத்தின் இரண்டாம் உலை நின்றது. அழுத்தத்தைத் தணிக்கத் திறந்த வால்வு மீண்டும் மூடிக்கொள்ளவில்லை. பலகையில் இருந்த விளக்கோ வால்வுக்குப் போன கட்டளையைத்தான் காட்டியது, வால்வின் உண்மை நிலையை அல்ல. உலையின் அழுத்தம் விழுந்துகொண்டிருந்தது, ஆனால் அழுத்தத்தைச் சீராக வைக்கும் ‘பிரஷரைசர்’ கலனில் நீர்மட்டம் ஏறியது. பிரஷரைசர் நீரால் நிரம்பிவிடக் கூடாது என்று திரும்பத் திரும்பப் பயிற்றுவிக்கப்பட்டிருந்த இயக்குநர்கள், உலைக்குள் நீர் மிகுந்துவிட்டது என்று எண்ணி, அவசரக் குளிர்நீரைக் குறைத்தார்கள். திறந்திருந்த வழியை அடைக்க இரண்டு மணி நேரத்துக்கும் மேலானது. உலையின் மையம் பெருமளவு உருகியது. அவர்கள் எல்லோரும் அன்றைய உரிமத் தேர்வில் முறைப்படி தேறியவர்கள். அதிபர் கார்ட்டர் அமைத்த கெமனி ஆணையம் அதே ஆண்டு அக்டோபரில் தந்த அறிக்கையில், அவர்களுடைய பயிற்சி வழக்கமான இயக்கத்துக்குப் போதுமானதாக இருந்திருக்கலாம், கடுமையான விபத்துக்குப் போதவே இல்லை என்று முடிவு கூறியது. இதைவிட வேதனை தருவது, இதே நிகழ்ச்சி பதினெட்டு மாதங்களுக்கு முன்பே ஒத்திகை பார்த்ததுபோல நடந்திருந்தது. 1977 செப்டம்பர் 24 அன்று ஒஹாயோவின் டேவிஸ்-பெஸ்ஸி நிலையத்தில் அதே நிறுவனத்தின் உலையில் அதே வகை வால்வு திறந்தபடி நின்றது, அங்கும் நீரைக் குறைத்தார்கள். குறைந்த திறனில் ஓடிக்கொண்டிருந்ததாலும் சுமார் இருபது நிமிடத்தில் காரணம் பிடிபட்டதாலும் தப்பினார்கள். அந்த உலைகளைச் செய்த நிறுவனத்தின் பொறியாளர்கள் எச்சரித்துக் குறிப்பு எழுதினார்கள். ஆனால் அந்தப் பாடம் த்ரீ மைல் ஐலண்டின் கட்டுப்பாட்டு அறையை எட்டவில்லை.

அந்தப் பதினெட்டு மாதங்களுக்குள் நடந்த ஒரு தேர்வில் இப்படிக் கேட்டிருந்தால் என்னவாகியிருக்கும்? ‘உலை அழுத்தம் விழுகிறது, பிரஷரைசர் மட்டம் ஏறுகிறது, நிவாரண வால்வின் விளக்கு அணைந்திருக்கிறது. உலையில் உள்ள நீரின் அளவு கூடுகிறதா, குறைகிறதா? வேறெந்த அளவீட்டைப் பார்த்து உறுதிசெய்வீர்கள்?’ இந்த இரண்டு வரிக் கேள்விக்கு விடை தேட ஒருவர் கொதிநிலை, அழுத்தம், நீராவிக் குமிழ் ஆகியவற்றின் உறவை மனதுக்குள் ஓட்டிப் பார்க்க வேண்டும். விளக்கு எதைக் காட்டுகிறது என்று சந்தேகப்பட வேண்டும். வால்வுக்குப் பின்னுள்ள குழாயின் வெப்பநிலையை நினைவுக்குக் கொண்டுவர வேண்டும். இதற்கு நேர்மாறாக, ‘அந்த வால்வு எந்த அழுத்தத்தில் திறக்கும்?’ என்ற கேள்வி ஓர் எண்ணை மட்டுமே கேட்கிறது. அந்த எண் பலகையின் பக்கத்திலேயே இருக்கும் கையேட்டில் உண்டு. வினாத்தாள் தயாரிப்பவருக்கு இரண்டாம் வகை எளிது, திருத்துவதும் எளிது, சர்ச்சையும் வராது. அதனால்தான் உலகெங்கும் தேர்வுத் தாள்கள் கவனமின்றி விடப்பட்டால் அந்தப் பக்கமே சரிகின்றன. நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும் கேள்வியென்றால் தவறான விடைகளுக்கும் இதே கவனம் வேண்டும். மேலே சொன்ன கேள்வியில் ‘நீர் மிகுந்துவிட்டது, பம்பைக் குறை’ என்பது ஒரு விடையாக இருந்தாக வேண்டும். ஏனென்றால் நேர்மையான, பயிற்சி பெற்ற மனிதர்கள் அதைத்தான் செய்தார்கள். உண்மையில் யாரும் செய்யாத தவறுகளை இட்டு நிரப்பிய கேள்வி, சொல் விளையாட்டில் தேர்ந்தவரைக் காப்பாற்றுமே தவிர உலையை அறிந்தவரைக் கண்டுபிடிக்காது.

இந்தியாவுக்கே சொந்தமான பாடம் நரோராவில் கிடைத்தது. 1993 மார்ச் 31 அதிகாலை, உத்தரப் பிரதேசத்தின் நரோரா அணுமின் நிலையத்தில், கனநீரால் குளிர்விக்கப்படும் முதல் உலையின் டர்பைன் தகடுகள் முறிந்தன. ஹைட்ரஜன் கசிந்து தீப்பற்றியது, எண்ணெயும் சேர்ந்து எரிந்தது. தீ கேபிள்கள் வழியாகப் பரவியதில், டீசல் ஜெனரேட்டர் உட்பட எல்லா வழி மின்சாரமும் ஏறத்தாழ 17 மணி நேரம் இல்லாமல் போனது. கட்டுப்பாட்டு அறையில் புகை சூழ்ந்து அங்கிருந்தவர்கள் வெளியேற வேண்டியிருந்தது. ஆனால் அதற்கு முன்பே அவர்கள் உலையை நிறுத்தி, நீராவியை வெளியேற்றி வேகமாகக் குளிரவைக்கத் தொடங்கியிருந்தார்கள். பின்னர் டீசலில் ஓடும் தீயணைப்புப் பம்புகள் மூலம் நீராவிக் கலன்களுக்கு நீர் அனுப்பினார்கள். சிலர் டார்ச் விளக்குடன் உயரே ஏறி, போரான் கரைசலை உலைக்குள் இறக்கும் வால்வுகளைக் கையாலேயே திறந்தார்கள். மின்சாரமில்லாமல் நின்ற முதன்மைப் பம்புகளுக்குப் பதில், சூடான கனநீர் மேலெழுந்து, உயரத்தில் இருக்கும் நீராவிக் கலனில் குளிர்ந்து கீழிறங்கும் இயல்பான சுழற்சி உலையின் வெப்பத்தைச் சுமந்தது. கதிர்வீச்சால் யாருக்கும் பாதிப்பில்லை. அந்த இரவில் பணியிலிருந்தவர்களின் துணிவை எவ்வளவு போற்றினாலும் தகும். ஆனால் துணிவோடு அறிவும் அங்கே வேலை செய்தது. தீயணைப்புப் பம்பின் அழுத்தம் குறைவு, நீராவிக் கலனின் அழுத்தத்தை முதலில் இறக்காவிட்டால் அந்த நீர் உள்ளே போகாது. நீராவியை ஏன் முதலில் வெளியேற்ற வேண்டும் என்று காரணத்தோடு கேட்கும் கேள்வி ஒன்று, கனநீர் உலைகளுக்கான ஒவ்வொரு உரிமத் தேர்விலும் ஏதேனும் ஒரு வடிவில் இடம்பெறத் தகுந்தது.

இப்படிப்பட்ட கேள்விகளைத் தனிமனிதரின் ஆர்வத்துக்கு விட்டுவிட முடியாது. அமெரிக்காவின் அணு ஒழுங்குமுறை ஆணையம் இதற்கென்று ஒரு முறையை உருவாக்கியது. இயக்குநரின் பணியைக் கூறுகூறாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் தேவையான அறிவையும் திறனையும் பட்டியலிட்டார்கள். அனுபவமுள்ளவர்களைக் கொண்டு ஒவ்வொன்றின் முக்கியத்துவத்துக்கும் ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பிட்டார்கள். இயக்குநருக்கு 75 கேள்விகள், மேற்பார்வை நிலைக்கு மேலும் 25. தேர்ச்சிக்கு நூற்றுக்கு எண்பது. முக்கியத்துவத்தில் பொதுவாக 2.5க்குக் கீழே மதிப்பு பெற்றவை தேர்வுக்கு வருவதில்லை. தாளில் எந்தப் பகுதியும் விடுபடாமல் பார்த்துக்கொள்ள இது மிக நல்ல ஏற்பாடு. அதில் ஒரு பலவீனமும் உண்டு. முக்கியத்துவத்தை மதிப்பிடுபவர்கள் தாங்கள் கண்டதை வைத்தே மதிப்பிடுவார்கள். 2004 டிசம்பர் 26 காலை சுனாமி கல்பாக்கத்தைத் தாக்கியபோது, கடலடிச் சுரங்கத்தின் வழியே நீர் ஏறிப் பம்பு நிலையத்தை மூழ்கடித்தது. ஓடிக்கொண்டிருந்த இரண்டாம் உலையை இயக்குநர்கள் பாதுகாப்பாக நிறுத்தினார்கள். அதற்கு முந்தைய நாள் கோரமண்டல் கரையில் சுனாமி பற்றிய அறிவுக்கு ஐந்தில் எத்தனை மதிப்பெண் கிடைத்திருக்கும்? ஆகவே மதிப்பீட்டில் கீழே விழுந்தவற்றுக்கும் தாளில் ஒரு சிறு பங்கை ஒதுக்க வேண்டும். மேலும், உலகின் எந்த அணுமின் நிலையத்தில் நடந்த பிறழ்வும் அறிக்கையாக வந்த சில மாதங்களுக்குள் வினாவாக மாற வேண்டும். டேவிஸ்-பெஸ்ஸியின் பாடம் கோப்புக்குள் உறங்கியதற்கு மாற்று இதுதான்.

சிமுலேட்டர் இருக்கும்போது எழுதச் சொல்வது எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. கட்டுப்பாட்டு அறையை அச்சு அசலாகப் பிரதியெடுத்த சிமுலேட்டரில் குழுவாக வேலை செய்யும் திறனையும் பதற்றத்தில் கை நிற்கும் நிதானத்தையும் பார்க்கலாம், தாளில் அவற்றைப் பார்க்கவே முடியாது. ஆனால் ஒருவரை ஒருநாள் முழுவதும் சோதித்தாலும் அதில் சில நிகழ்ச்சிகளைத்தான் ஓட்ட முடியும். எழுபது கேள்விகள் எழுபது இடங்களைத் தொடும். சிமுலேட்டர் தன் நிரலுக்குள் எழுதப்பட்டதை மட்டுமே காட்டும். ஒருவர் சரியான பொத்தானை அழுத்தியது காரணம் தெரிந்தா, பழக்கத்தாலா என்பதையும் அது பிரித்துச் சொல்லாது. இன்னொரு மறுப்பு இதைவிட வலுவானது. அவசரகால நடைமுறைகள் அச்சிட்டு மேசையில் இருக்கின்றன, இயக்குநர் அவற்றைப் பார்த்துத்தான் செய்ய வேண்டும், நினைவிலிருந்து செய்வதே குற்றம். அப்படியிருக்க மனப்பாடத்தைச் சோதிப்பது ஏன்? இதில் பாதி உண்மை. ஆகவே அட்டவணைகளையும் வரைபடங்களையும் நீண்ட நடைமுறைகளையும் தேர்வறையில் கையில் கொடுத்துவிடுவதே முறை. எந்த நடைமுறையைத் திறக்க வேண்டும் என்று கண்டுகொள்வது, புத்தகத்தை எடுப்பதற்குள் செய்தாக வேண்டிய முதல் சில செயல்கள், ஒரு படி ஏன் இன்னொன்றுக்கு முன் வருகிறது என்ற காரணம் ஆகிய மூன்றும் மட்டும் தலைக்குள் இருந்தே தீர வேண்டும். செனான் நஞ்சைப் பற்றிய அறிவு அத்தகையது. உலை நின்றதும் அயோடின் சிதைந்து, தொடர்வினையைத் தடுக்கும் செனான்-135 பெருகும். கனநீர் உலையை ஏறத்தாழ அரை மணி நேரத்துக்குள் மீண்டும் கிளப்பாவிட்டால், அந்த நஞ்சு தணிய ஒரு நாளுக்கும் மேல் காத்திருக்க வேண்டும். அந்த அரை மணியின் அவசரத்தில், உலை ஏன் நின்றது என்று தெரியாமலே கிளப்பிவிடலாமா என்ற ஆசை எழும். அந்த ஆசையைத் தடுத்து நிறுத்த வேண்டிய காரணம் எது என்பதை ஒருவர் அந்த நேரத்தில் பக்கம் புரட்டித் தெரிந்துகொள்ள முடியாது.

தேர்ச்சிக் கோடு எங்கே விழ வேண்டும் என்பது நம் தேர்வுப் பழக்கம் மிகுந்த கேடு செய்யும் இடம். கட்-ஆஃப் என்றால் எத்தனை பேர் வேண்டும் என்பதைப் பொறுத்து ஏறி இறங்குவது என்று பழகிவிட்டோம். இங்கே அது வேலையிலிருந்து வர வேண்டும். வில்லியம் ஆங்கோஃப் 1971இல் விவரித்த முறை இதற்கு உதவும். பொறுப்பை ஒப்படைக்க மட்டுமட்டாகத் தகுதியுள்ள ஒருவரைக் கற்பனை செய்துகொண்டு, அத்தகையவர்களில் நூற்றுக்கு எத்தனை பேர் இந்தக் கேள்விக்குச் சரியாக விடையளிப்பார்கள் என்று வல்லுநர்கள் தனித்தனியே மதிப்பிட, அவற்றின் சராசரிகளைக் கூட்டினால் கோடு கிடைக்கும். ஒரு நிலையத்தில் ஒரு தடவைக்கு எழுதுபவர்கள் சிலரே என்பதால், லட்சக்கணக்கானோர் எழுதும் தேர்வுகளுக்குப் பயன்படும் புள்ளியியல் கருவிகள் இங்கே வேலைக்கு ஆகாது. எட்டுப் பேரில் ஆறு பேர் தவறிய கேள்வி கடினமானதா, மோசமாக எழுதப்பட்டதா என்று எண்ணிக்கை சொல்லாது. அறிந்தவர்கள் உட்கார்ந்து ஒவ்வொரு வரியையும் விவாதிப்பதைத் தவிர வழியில்லை. இன்னொன்று, மொத்த மதிப்பெண் ஒரு பலவீனத்தை மறைக்கும். எண்பது வாங்கியவர் தவறவிட்ட இருபதும் உலையின் வினைத்திறனை, அதாவது தொடர்வினையின் ஏற்ற இறக்கத்தை, கட்டுப்படுத்துவதைப் பற்றியதாகவே இருந்தால்? த்ரீ மைல் ஐலண்டுக்குப் பின் 1980இல் அமெரிக்கர்கள் மொத்தத்தில் எண்பதும் ஒவ்வொரு பிரிவிலும் எழுபதும் கட்டாயம் என்றார்கள். அந்த இரட்டைக் கோட்டை நான் முழுமனதாக ஆதரிக்கிறேன். டர்பைனைப் பற்றிய நல்ல அறிவு உலையை நிறுத்துவதைப் பற்றிய அறியாமைக்கு ஈடாகாது.

வினாத்தாளை மறைத்துவைப்பது தேர்வின் தரத்தைக் காக்கும் என்பது பரவலான நம்பிக்கை. தேர்வு முடியும்வரை அது சரி. 1981இல், த்ரீ மைல் ஐலண்டின் முதல் உலையை மீண்டும் ஓட்ட அனுமதி கேட்டுக்கொண்டிருந்த நேரத்தில், அந்த நிலையத்தின் மூத்த பணியாளர்கள் சிலர் உரிமத் தேர்வில் காப்பியடித்தது வெளியாகி, இயக்குநர்கள் மறுபடி தேர்வு எழுத வேண்டியதாயிற்று. நாட்டின் கண் முழுவதும் தங்கள் மேல் இருந்தபோதே அப்படி நடந்தது என்றால், தேர்வறைக் கண்காணிப்பில் எங்கும் தளர்வு கூடாது. ஆனால் எழுதி முடித்த பழைய தாள்களைப் பூட்டிவைப்பது வேறு. அமெரிக்காவில் பழைய உரிமத் தேர்வுத் தாள்களை யார் வேண்டுமானாலும் எடுத்துப் படிக்கலாம். காரணத்தைக் கேட்கும் கேள்வி வெளியானால் நட்டமில்லை, சூழலின் ஓர் அளவீட்டை மாற்றினால் அது புதிய கேள்வி. வெளியானதும் செத்துப்போகும் கேள்வி முதலிலேயே நினைவை மட்டும் கேட்ட கேள்வி. நம் நாட்டிலும் இத்தாள்களை, பாதுகாப்பு இரகசியம் சார்ந்த பகுதிகளை நீக்கிவிட்டு, வெளியிடலாம். பொறியியல் கல்லூரிகள் பயன்பெறும், கல்பாக்கத்தையும் கூடங்குளத்தையும் சுற்றி வாழும் மக்கள் அந்த நாற்காலியில் இருப்பவரிடம் என்ன கேட்கப்படுகிறது என்று அறிவார்கள்.

தேர்வின் எல்லையையும் ஒப்புக்கொள்ள வேண்டும். 1986 ஏப்ரல் 26 அன்று செர்னோபிலில் அவசரப் பொத்தானை அழுத்தியபோது, கட்டுப்பாட்டுத் தண்டுகள் இறங்கத் தொடங்கிய கணத்தில் வினைத்திறனைக் குறைப்பதற்குப் பதில் கூட்டின. அந்த வடிவமைப்புக் குறை 1983இலேயே லிதுவேனியாவின் இக்னாலினா உலையில் கண்டறியப்பட்டிருந்தும் பலகை முன் இருந்தவர்களுக்குச் சொல்லப்படவில்லை. நிறுவனம் மறைத்த ஒன்றை எந்த வினாத்தாளும் கேட்காது. அன்றாட வேலை கற்றுத்தராததை எப்படிக் கேட்பது என்ற கேள்வி இப்போது கல்பாக்கத்திலேயே புதிய வடிவில் வந்து நிற்கிறது. பாவினி நிறுவனம் கட்டிய 500 மெகாவாட் அதிவேக ஈனுலையில் 2024 மார்ச்சில் மையப்பகுதியை நிரப்பும் பணி தொடங்கியது. அங்கே குளிர்விப்பது நீரல்ல, காற்றில் பட்டால் எரியும் திரவ சோடியம். கனநீர் உலைகளில் பல தலைமுறை இயக்குநர்களின் அனுபவம் நம்மிடம் உண்டு. இந்த வகையில் கைவசம் இருப்பது 1985 முதல் இயங்கும் சிறிய சோதனை உலையின் அனுபவமும் அயல்நாடுகளின் பதிவுகளும்தான். 1987இல் அந்தச் சோதனை உலையில் எரிபொருள் கையாளும்போது நேர்ந்த விபத்தும், 1995 டிசம்பர் 8 அன்று ஜப்பானின் மொன்ஜுவில் சோடியம் கசிந்து தீப்பற்றியபோது உலையை உடனே நிறுத்தாமல் இயக்குநர்கள் தயங்கிய ஒன்றரை மணி நேரமும் ஈனுலை இயக்குநர்களுக்கான தாளில் கேள்விகளாக வர வேண்டும். மொன்ஜுவில் கசிவின் அளவை எப்படி எடைபோடுவது என்பதில் நடைமுறையே தெளிவாக இல்லை. அறையில் புகை தெரிகிறது, கசிவு சிறியதா பெரியதா என்று அளவீடுகள் சொல்லவில்லை, காற்றோட்ட விசிறிகள் ஓடுகின்றன. முதலில் எதை நிறுத்துவீர்கள், ஏன்?